வழக்கு, அவகாசம், ஆதாரம்: மத்தியஸ்தம் படிக்க நினைப்பவருக்கு

கேள்வி கேட்டவர் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம் இரண்டையும் முறையாகப் படிக்க ஆசை. வக்கீலாகாமல் இதைப் படித்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “எங்க மாமா சிரிக்கிறார். ‘பேசத் தெரிஞ்சவனுக்கு எதுக்குப் படிப்பு, ஊர்ப் பெரியவங்க தீர்த்து வைக்காத பிரச்சினையா’ங்கிறார்.” பிழைப்பைப் பற்றிய கேள்விக்குப் பதில் எளிது, பின்னால் வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது மாமாவின் கேள்வியைத்தான்: இதில் படித்துத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை வாய்ச் சாமர்த்தியத்துக்கு ஒரு சர்டிஃபிகேட்டா?

நான் இருபத்திரண்டு வருடமாகச் சித்தூரிலும் பாலக்காட்டிலும் சிவில் கேஸ் நடத்துகிறவன். (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் சித்தூர். வெளியூர்க்காரர்கள் படித்தால் குழம்பக் கூடாது.) அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் மீடியேட்டராகவும், அதாவது மத்தியஸ்தராகவும், உட்கார்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிலத் தகராறு, பாகப் பிரிவினை, வரப்புச் சண்டை, வாடகை, குடும்ப வழக்கு. பெரிய கம்பெனிகளுக்கு இடையில் நடக்கும் மத்தியஸ்தத்தில் நான் உட்கார்ந்ததில்லை. கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொல்வதில் பாதி சரி. ஊர்ப் பெரியவருக்கு நமக்குத் தெரியாதது நிறையத் தெரியும். எந்த வரப்பு எந்த வருடம் நகர்ந்தது, யார் யாருக்குக் கடன் கொடுத்தது, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் எழுந்து போனது, எல்லாம். ஆனால் அவர் கடைசியில் செய்வது தீர்ப்புச் சொல்வது. நீ இவ்வளவு விட்டுக்கொடு, நீ இவ்வளவு கொடு, முடிந்தது, போய்ப் பிழைப்பைப் பார். மத்தியஸ்தர் செய்யக் கூடாதது அந்த ஒன்றுதான். தீர்ப்பு நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்க வேண்டும். இந்தப் படிப்பில் முக்கால்வாசி அந்த விழுங்கல்தான் என்பது என் அனுபவம்.

நான் அதை விழுங்காமல் கெட்டதைச் சொல்கிறேன். மீடியேட்டரான புதிதில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்தார்கள். காம்பவுண்டுச் சுவர், மழைத் தண்ணீர் போகும் வழி, அதுதான் தகராறு. இரண்டாவது அமர்விலேயே எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. நாலடி விடுங்கள், சுவர்ச் செலவு பாதிப் பாதி, ஓடை இந்தப் பக்கம் என்று காகிதத்தில் படமே போட்டுக் காட்டினேன். இருவரும் தலையாட்டினார்கள், கையெழுத்தும் போட்டார்கள். ஆறு மாதம் ஆகவில்லை, சுவர் பாதியில் நின்றுவிட்டது. என்னய்யா ஆச்சு என்று கேட்டால் இருவரும் ஒரே பதில் சொன்னார்கள்: “வக்கீல் சார் சொன்னாரேன்னு போட்டோம்.” பாருங்கள், அது அவர்கள் முடிவாகவே இல்லை. என் முடிவு. என் முடிவைக் காப்பாற்ற அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

மீடியேட்டர்களுக்கு நாடு முழுக்கப் பழக்கத்தில் இருப்பது 40 மணி நேரப் பயிற்சி. உச்ச நீதிமன்றத்தின் மத்தியஸ்தக் குழு 2005-இல் ஏற்பட்ட பிறகு பரவிய முறை அது. ஐந்து நாள் என்று வையுங்கள். பாடத்தைவிட நடித்துப் பார்ப்பதுதான் அதிகம். ஒருவர் அண்ணன், ஒருவர் தம்பி, ஒருவர் மத்தியஸ்தர். என் முறை வந்தபோது, முதல் இருபது நிமிடம் கேள்வி மட்டும் கேளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள் என்றார் பயிற்சியாளர். நாலாவது நிமிடத்தில் “நீங்க ஒண்ணு செய்யலாமே” என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது தட்டு. கோர்ட்டில் வாதாடியே பழகிய வாய்க்கு அது ஒரு தண்டனை.

கேள்வி கேட்பது என்றால் என்ன என்பதற்கு நம் எல்லைக்கே உரிய ஓர் உதாரணம். மத்தியஸ்தத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இந்தப் பக்கம். அண்ணன் சின்ன வயதிலேயே பொள்ளாச்சி போய்க் கயிறு வியாபாரத்தில் ஊன்றியவர், மலையாளம் அவ்வளவாக வராது. தங்கையைக் கட்டிக்கொடுத்தது நெம்மாறைப் பக்கம் மலையாளக் குடும்பத்தில். தங்கை பாகம் கேட்டுக் கேஸ் போட்டிருந்தார். முதல் அமர்வு, எல்லாரும் ஒரே மேஜையில். மாப்பிள்ளை நல்ல மனுஷன். மச்சானுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே பேச முயன்றார். “ஞங்களுக்கு அவகாசம் உண்டல்லோ” என்றார். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அண்ணன் காதில் விழுந்தது தமிழ் அவகாசம், அதாவது நேரம். ‘எங்களுக்கு நேரம் இருக்கிறது, உன்னைக் கோர்ட்டில் பத்து வருடம் இழுத்தடிப்போம்’ என்று மாப்பிள்ளை மிரட்டுவதாக அவர் நினைத்துவிட்டார். அவரைத் தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, “அவர் சொன்னதில் உங்களுக்கு எது கோபம் வந்தது?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வி கேட்டிருக்காவிட்டால் கேஸ் அன்றோடு கோர்ட்டுக்கே திரும்பப் போயிருக்கும். இதே மாதிரிதான் வழக்கும்: தமிழில் அது கோர்ட்டுக் கேஸ், மலையாளத்தில் வெறும் சண்டை. ஆதாரம் தமிழில் சான்று, மலையாளத்தில் கிரயப் பத்திரம். “ஆதாரம் கையில் இல்லை” என்று ஒருவர் சொன்னால், பொய்க் கேஸ் என்று ஒப்புக்கொண்டுவிட்டார் என எதிராளி துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் பேங்கில் அடமானத்தில் இருந்தது, அவ்வளவுதான். எல்லை தாண்டிய இடங்களில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரே மொழி பேசும் அண்ணன் தம்பிக்குள்ளும் ‘நியாயமான விலை’, ‘மரியாதை’ என்ற சொற்களில் இதேதான் நடக்கிறது, தெரிவதில்லை.

அந்தத் தோப்புக் கேஸ் முடிந்த விதமும் சொல்ல வேண்டியது. தங்கை கேட்டது பாதித் தோப்பு. தனியாகப் பேசும்போது, தோப்பு கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மகள் நர்சிங் சேர்கிறாள், விற்கத்தான் வேண்டும் என்றார். சரி, அப்போது பணம்தானே என்று முடிக்கப் பார்த்தேன் (பழைய வியாதி), அதற்குள் அவரே இன்னொன்று சொன்னார். தோப்பின் வடமேற்கு மூலையில் குலதெய்வக் கல் இருக்கிறது. அண்ணனுக்கு அப்புறம் அண்ணன் பிள்ளைகள் வேலி போட்டுவிட்டால் தன் பிள்ளைகள் எந்த வழியாகப் போய்ப் பொங்கல் வைப்பார்கள்? இதை அண்ணனிடம் சொன்னதும் அவர் அசந்துபோனார். “யாரு தடுத்தா? இதையுமா எழுதணும்?” எழுதத்தான் வேண்டியிருந்தது. ரோட்டிலிருந்து கல் வரை ஆறடி வழி, மூன்று தவணையில் பணம், தோப்பு அண்ணனுக்கு. பாகப் பிரிவினைக் கேஸைக் கோர்ட் தீர்ப்புக்கு விட்டால் முதல் தீர்ப்பாணை, அப்புறம் கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளந்து பிரித்து, அப்புறம் இறுதித் தீர்ப்பாணை என்று போகும். தோப்பு இரண்டாகும். முக்கால் ஏக்கருக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார். இருவருக்குமே உபயோகமில்லை.

பேச்சுவார்த்தை என்பது இதன் இன்னொரு பக்கம். நடுவில் ஆள் இல்லாமல் இரு தரப்பும் நேரே பேசுவது. பொருளாதாரம் படித்தவர் என்பதால் உங்களுக்கு இது சுலபமாக விளங்கும். பேரத்தில் பலம் எங்கிருந்து வருகிறது? உரத்துப் பேசுவதிலிருந்து இல்லை. பேச்சு முறிந்தால் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதிலிருந்து வருகிறது. இளநீர் வியாபாரி தோப்புக்கு வந்து ஒரு விலை சொல்கிறார். கொழிஞ்சாம்பாறைத் தோட்டக்காரருக்கு அந்த விலை பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் மரத்தைக் கள்ளுக்கு விடலாம். கள்ளுக்கு விட்ட மரத்தில் காயை எதிர்பார்க்க முடியாது, ஆனால் வருமானம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், கோபாலபுரத்தைத் தாண்டினால் அதே மண், அதே தென்னை, அதே வியாபாரி. ஆனால் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அங்கே தோட்டக்காரர் வேறொரு வியாபாரியைத்தான் தேட வேண்டும், அல்லது காய் முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே சாமர்த்தியசாலிகள் என்றாலும் பேச்சு ஒரே மாதிரி இருக்காது. மாற்று வழி என்ன என்று வீட்டிலேயே யோசித்து எழுதிக்கொண்டு போகிறவருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இதைக் கற்றுக்கொடுக்க முடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் தாலூக்காவிலேயே ஒரு பெரிய பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது: தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம். 1970 மே மாதம் கையெழுத்தானது, ஆனால் 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கணக்கு. ஜூலை முதல் ஜூன் வரையான நீராண்டுக்கு மணக்கடவில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான ஷரத்து. மூலத்தறையிலிருந்து உங்கள் வாய்க்காலுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். எண் தெளிவாக இருக்கிறது, அப்புறம் ஏன் ஒவ்வொரு கோடையிலும் சத்தம்? வருடத்துக்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, பயிர் வாடுகிற மாதத்தில் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதனால்தான் இரு மாநில அதிகாரிகள் கூட்டு வாரியத்தில் திரும்பத் திரும்ப உட்கார வேண்டியிருக்கிறது. முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்ற ஷரத்தும் உண்டு. 1988-இல் வந்திருக்க வேண்டிய அந்த மறுபரிசீலனை இன்னும் முடிவுக்கு வரவில்லை. இதற்குப் பக்கத்தில் முல்லைப் பெரியாறை வைத்துப் பாருங்கள். 1886-இல் 999 வருடக் குத்தகை, 1970-இல் துணை ஒப்பந்தம், அப்புறம் பேச்சு முறிந்து 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீர்மட்டம் 142 அடி என்று கோர்ட் சொல்லிவிட்டது, சட்டப்படி அது முடிவு. இரு பக்க மக்களின் பயமும் கோபமும் அந்தத் தீர்ப்போடு முடிந்ததா என்பது நீங்கள் செய்தித்தாளில் பார்ப்பதுதான். இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். எந்த டிப்ளமோ சேர்வதற்கும் முன்னால் அது நல்ல தொடக்கம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. சிவில் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவு 2002 ஜூலையில் புது உருவில் அமலுக்கு வந்தது. கோர்ட்டுக்கு வந்த கேஸை வெளியே தீர்த்துக்கொள்ள அனுப்பலாம் என்பது அதன் சாரம். இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மத்தியஸ்த மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. கேரளத்திலிருந்து போன ஒரு கேஸ்தான் 89-ஆம் பிரிவைத் தெளிவாக்கியது: கொச்சித் துறைமுகத்தின் பாலம், சாலை வேலையில் ஒப்பந்தக்காரருக்கும் உள் ஒப்பந்தக்காரருக்கும் வந்த தகராறு, 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் யாரையும் ஆர்பிட்ரேஷனுக்கு (நடுவர் ஒருவர் விசாரித்து முடிவு சொல்லும் முறை) தள்ளக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. மத்தியஸ்தத்துக்கு அந்தத் தடை இல்லை, ஏனென்றால் அதில் யாரும் உங்கள் மேல் முடிவைத் திணிக்க முடியாது. அந்தப் பிரிவை எழுதியவர்கள் மத்தியஸ்தத்துக்கும் நீதிமன்றச் சமரசத்துக்கும் விளக்கத்தை இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்கே குழப்பம் என்றால் மாமாவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

2023-இல் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 120 நாளில் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் 60 நாள். எட்டிய உடன்பாடு கோர்ட்டுத் தீர்ப்பாணை போலவே செல்லும். சமூக மத்தியஸ்தம் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, உங்களுக்கு அது சுவாரஸ்யமாக இருக்கும்: ஓர் ஊரின், குடும்பங்களின் அமைதியைக் குலைக்கும் தகராறுகளை மூன்று பேர் கொண்ட குழு பேசித் தீர்ப்பது. அந்த உடன்பாட்டை மட்டும் தீர்ப்பாணை போல நிறைவேற்றக் கேட்க முடியாது. இந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை மட்டும் 2023 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே எந்தப் பிரிவை மேற்கோள் காட்டும் முன்னும் அது அமலில் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கட்டப்பஞ்சாயத்தை இதோடு யாராவது சேர்த்துப் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. வித்தியாசம் எளிது: மத்தியஸ்தத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவது எனக்கே சந்தேகமானது. ‘இரு தரப்புக்கும் லாபம்’ என்று பயிற்சியில் அடிக்கடி சொல்வார்கள். தோப்புக் கேஸில் அது நடந்தது. விபத்து நஷ்ட ஈட்டில் நடப்பதில்லை. அங்கே இருப்பது பணம் மட்டும்தான், ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். அதைப் பேரம் என்றே சொல்லிவிடலாம், தப்பில்லை. அடுத்தது, அடி உதை இருக்கும் குடும்பங்கள். கணவன் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் “எனக்குச் சம்மதம்” என்று சொல்லும்போது அது சம்மதமா, பயமா? தனியாகப் பேசிப் பார்ப்போம், வக்கீலை வைத்துக் கேட்போம், ஆனாலும் நான் ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் கேஸைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். என் சகாக்களில் சிலர் அதைக் கோழைத்தனம் என்பார்கள். சமரசமான கேஸ்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு மத்தியஸ்தரை மதிப்பிடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. என் காம்பவுண்டுச் சுவரும் அந்தக் கணக்கில் வெற்றி என்றுதான் பதிவாகியிருக்கும்.

பிழைப்புக்கு வருகிறேன். மத்தியஸ்தர் வக்கீலாக இருந்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் நீதிமன்றத்தின் மத்தியஸ்தர் பட்டியலில் இடம்பிடிக்கப் பல வருடத் தொழில் அனுபவம் கேட்பார்கள். இருபத்தொரு வயதில் அது நடக்காது. கிடைக்கும் மதிப்பூதியமும் பெட்ரோலுக்கும் சாயாவுக்கும் சரியாகப் போகும். இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் எங்கள் பக்கத்தில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் திறமையைச் சம்பளமாக மாற்றும் வேலைகள் இருக்கின்றன: மனிதவளப் பிரிவு, தொழிலாளர் பேச்சுவார்த்தை, நிலம் எடுக்கும் திட்டங்கள், நீர்ப் பயனாளர் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், கொள்முதல். இரண்டு வழி சொல்வேன். ஒன்று, மூன்று வருடச் சட்டப் படிப்பு. அதில் மாற்று முறைத் தீர்வு (கோர்ட் தீர்ப்பில்லாமல் தகராறு தீர்க்கும் முறைகள்) கட்டாயப் பாடம், பின்னால் பட்டியலுக்கும் வழி. மற்றது, சமூகப் பணியிலோ மேலாண்மையிலோ முதுகலை படித்துக்கொண்டே இந்தத் துறையில் ஒரு டிப்ளமோ. ஹைதராபாத் நல்சார் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்துகிறது. சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: நடித்துப் பழகும் வகுப்பு உண்டா, எத்தனை மணி நேரம்? வெறும் பாடப் புத்தகம் என்றால் நீச்சலைத் தபாலில் கற்ற கதைதான்.

காசு செலவில்லாமல் இப்போதே செய்யக்கூடியதும் உண்டு. தேசிய லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) சனிக்கிழமைகளில் நடக்கும். தாலூக்கா சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒருநாள் வந்து வேடிக்கை பாருங்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: அதாலத் வேகமாக ஓடும், பேங்க் கடனும் வண்டிக் கேஸும் நிமிடக் கணக்கில் முடியும். மத்தியஸ்தம் அப்படி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது, வேடிக்கை பார்க்க விட மாட்டார்கள். அதற்குப் பதில் மாமாவோடு போங்கள். அடுத்த தடவை அவர் யாருக்காவது திண்ணையில் பஞ்சாயத்துப் பேசும்போது ஓர் ஓரமாக உட்கார்ந்து, அவர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை தடவை முடிவு சொன்னார் என்று நோட்டில் கோடு போட்டு வையுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, மலையாளம் எழுதப் படிக்க வருமா என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவர் என்றால் பேச மட்டும் வரும் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் இருந்தேன். தமிழ் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது, அது நம் உரிமை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பத்திரத்தையும் நோட்டீஸையும் நீங்களே வாசிக்க முடிய வேண்டும். டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போடும் முன் அதைக் கற்க ஓர் ஆறு மாதமாவது செலவழியுங்கள். எனக்கு அது வர இரண்டு வருடம் ஆனது, குமாஸ்தா சிரிக்கச் சிரிக்க.